தைராய்டு குறைபாடும் உடல் எடையும்: நோன்புக்கு முன் சில செய்திகள்

(ஷஅபான் மாதத்தில் நமது மஹல்லா தாய்மார்களுக்காக நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

எல்லாப் புகழும் ஏக இறைவனுக்கே. தொண்டியிலிருந்து வந்து இப்பகுதியில் வாழ்ந்த குணங்குடி மஸ்தான் சாஹிப் அவர்களைத் ‘தொண்டியார்’ என்று மக்கள் அழைத்ததால் தண்டையார்பேட்டை என்னும் பெயர் அமைந்தது என்பர். அப்பெரியார் உண்டி சுருக்கித் தவம் இருந்தவர். இன்று அவர் பெயரால் வழங்கும் இப்பேட்டையின் இல்லங்களில் அதிகமாகக் கேட்கப்படும் குறை, “சாப்பிடுவதே இல்லை, ஆனாலும் எடை ஏறுகிறது, தைராய்டு வந்துவிட்டது” என்பதாகும்.

முதலில் இச்சொல்லைத் திருத்திக் கொள்வோம். தைராய்டு என்பது வந்து சேரும் நோயன்று. குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் எல்லோருக்கும் இறைவன் அமைத்திருக்கும் சுரப்பி அது. உடலின் ஒவ்வோர் உறுப்பும் எவ்வளவு வேகத்தில் இயங்க வேண்டும் என்பதை அதன் சுரப்பு நீரே நிர்ணயிக்கிறது. சுரப்பு குறைந்தால் அனைத்தும் மந்தமாகின்றன. உடல் சோர்கிறது, மலச்சிக்கல் உண்டாகிறது, தோல் வறள்கிறது, முடி உதிர்கிறது, மாதவிலக்கு முறை தவறுகிறது, குளிர் தாங்க முடிவதில்லை. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி, ‘இன்னும் சுரந்து கொடு’ என்று டி.எஸ்.ஹெச். என்னும் ஏவலாளை அதிகமாக அனுப்புகிறது. ஆகவேதான் இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். கூடியிருந்தால் தைராய்டு குறைந்திருக்கிறது என்று பொருள். இந்தத் தலைகீழ்க் கணக்கு புரியாமல், “எனக்கு தைராய்டு அதிகம்” என்று சொல்லி வருவோர் பலர்.

இந்தியாவின் எட்டு நகரங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்தப்பெற்ற ஆய்வொன்று 2013ஆம் ஆண்டு வெளியாயிற்று. சென்னையும் அவற்றுள் ஒன்று. சுமார் 11 சதவீதம் பேருக்கு இக்குறைபாடு இருந்தது. ஆண்களைப் போல் மூன்று மடங்கு பெண்களிடம் காணப்பட்டது. பெரும்பாலும் இதற்குக் காரணம், உடலின் எதிர்ப்பாற்றல் தன் சுரப்பியையே அந்நியமாகக் கருதித் தாக்குவதாகும். 1912இல் இதனை விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோவின் பெயரால் அது வழங்கப்படுகிறது.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அயோடின் இன்றேல் தைராய்டு சுரக்க இயலாது. நாம் கடலோர மக்கள்; எண்ணூரை அடுத்த அத்திப்பட்டுப் பகுதி உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். கடல் நீரிலிருந்து எடுத்த கல் உப்பில் அயோடின் தானாகவே இருக்கும் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. காய்ச்சி எடுத்த உப்பில் அது மிகச் சொற்பமே தங்குகிறது, சேர்த்தால்தான் உண்டு. 1962இல் கழலை நோய்த் தடுப்புத் திட்டத்தை அரசு தொடங்கியதும், அயோடின் கலவாத உப்பை உணவுக்கென விற்பதற்கு 2006 முதல் மீண்டும் தடை விதித்ததும் இதனால்தான். கல் உப்பே வேண்டும் என்போர் அயோடின் கலந்த கல் உப்பைப் பார்த்து வாங்கலாம். ஆனால் ஹாஷிமோட்டோ வகையினர் அயோடினை அள்ளிச் சாப்பிட்டால் நோய் குணமாகும் என்று எண்ணிவிடக் கூடாது. முட்டைக்கோஸும் காலிபிளவரும் கூடாது என்று அண்டை வீட்டார் சொல்வதற்கும் பெரிதாக மதிப்பளிக்க வேண்டியதில்லை. சமைத்து அளவாக உண்பதில் கெடுதியில்லை.

இனி எடையைப் பற்றிப் பேசுவோம். இங்கே நாம் சற்றுக் கசப்பான உண்மையைக் கூற வேண்டியிருக்கிறது. தைராய்டு குறைபாட்டினால் மட்டும் ஏறும் எடை சாதாரணமாக இரண்டு கிலோவிலிருந்து நான்கரைக் கிலோ வரைதான். அதிலும் பெரும்பகுதி கொழுப்பன்று. உடலில் தேங்கும் உப்பும் நீருமே. நோய் மிகக் கடுமையாக இருப்பவர்களுக்கு இது கூடுதலாக இருக்கலாம். ஆகவே இருபது கிலோ அதிகம் உள்ள ஒரு சகோதரி மாத்திரையைத் தொடங்கினால், முகத்தின் வீக்கம் வடியும், சோர்வு நீங்கும், மூன்று நான்கு கிலோ குறையும். எஞ்சிய பதினாறு கிலோவுக்கு தைராய்டு பொறுப்பன்று. இதை எவரும் எடுத்துச் சொல்லாமையால் இருவகைத் தீங்கு விளைகிறது. “ஆறு மாதம் சாப்பிட்டும் இளைக்கவில்லையே” என்று மாத்திரையையே நிறுத்திவிடுவோர் ஒருபுறம். ஒன்றுக்கு இரண்டாக விழுங்குவோர் மறுபுறம். அளவுக்கு மீறிய தைராய்டு மாத்திரை இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும், எலும்பை அரிக்கும். எடை குறைப்பதற்கான மருந்தாக இதனைப் பயன்படுத்தலாகாது.

மற்றொன்றும் உண்டு. உடல் பருமனே டி.எஸ்.ஹெச். அளவைச் சிறிது உயர்த்தும். டி-4 அளவு சரியாக இருந்து, டி.எஸ்.ஹெச். மட்டும் பத்துக்குக் கீழே லேசாகக் கூடியிருப்பவர்களில் பலருக்கு எடை குறைந்தாலே அதுவும் இறங்கக் கூடும். அத்தகையோர் மாத்திரையால் இளைப்பதில்லை.

அப்படியெனில் என் செய்வது? மாத்திரையால் சுறுசுறுப்பு திரும்பிய பிறகு அந்தச் சுறுசுறுப்பைச் செலவிட வேண்டும். கண்டெய்னர் லாரிகள் அணிவகுக்கும் நம் சாலைகளில் தாய்மார்கள் நடைப்பயிற்சி செய்வது எளிதன்று என்பதை அறிவோம். ஃபஜ்ருக்குப் பின் மொட்டைமாடியில் அரை மணி நேரம் நடப்பதற்கு எவர் அனுமதியும் தேவையில்லை. நோன்பு மாதத்தில் எடை குறைய வேண்டும். நம் வீடுகளிலோ பெருநாளன்று ஏறியிருக்கிறது! கஞ்சி ஏறக்குறைய ஓர் உணவு. அதன் மேல் சமோசா, வடை, பஜ்ஜி, சர்பத், தராவீஹ் முடிந்தபின் பரோட்டா என்று அடுக்கினால் எந்தச் சுரப்பியைக் குறை சொல்வது?

மாத்திரையின் வரலாறு சுவையானது. 1891இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்னும் மருத்துவர், இந்நோயால் வீங்கி முடங்கிய 46 வயதுப் பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகச் செலுத்தினார். அப்பெண்மணி அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1927இல் இச்சுரப்பு நீர் ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கப்பட்டது. இன்று நம் மருந்துக்கடைகளில் பாட்டில்களாகக் கிடைக்கும் லெவோதைராக்ஸின் அவ்வகைச் செயற்கைத் தயாரிப்பே; விலங்கின் சுரப்பி அன்று. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் ‘இயற்கை தைராய்டு’ மாத்திரைகளில் பன்றியின் சுரப்பியிலிருந்து எடுக்கப்படுபவை உண்டு. பெயரைப் பார்த்து, மருத்துவரைக் கேட்டு ஒதுக்குக.

இம்மாத்திரை வெறும் வயிற்றில் தண்ணீருடன் மட்டுமே விழுங்கப்பட வேண்டும். அதன் பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை எதுவும் கூடாது. பால் சேர்த்த தேநீரும் காப்பியும் கூடத்தான். பேரீச்சம்பழமும் கஞ்சியும் உண்ணும் இஃப்தாரின்போது விழுங்கினால் மருந்து முழுமையாக உடலில் சேராது. தராவீஹ் முடிந்து படுக்கும்போது எடுக்கலாம் எனில், கடைசியாக உண்டு மூன்று மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும்; தராவீஹுக்குப் பின் உணவருந்தும் வீடுகளில் அது நடவாது. ஆகவே நாம் பரிந்துரைப்பது ஸஹர் நேரம். வீட்டில் முதலில் எழுந்து அடுப்பு மூட்டுபவர் பெண்தான். எழுந்தவுடன் மாத்திரையை விழுங்கிவிட்டுச் சமையலைத் தொடங்கினால், மற்றவர்களை எழுப்பி உணவு பரிமாறுவதற்குள் முக்கால் மணி நேரம் தானாகவே கழிந்துவிடும். அரசு மருத்துவமனையில் கொடுக்கும் இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அவற்றை இரவு உணவோடு வைத்துக் கொள்க. முடி வளர்வதற்கென பயோட்டின் சாப்பிடுவோர் இரத்தப் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். இன்றேல் முடிவு பொய்யாக வரலாம். மாத்திரையின் அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்தே மறுபரிசோதனை.

இப்போது, இவ்வுரையை நிகழ்த்த நாம் ஒப்புக்கொண்டதற்கான காரணத்தைக் கூறிவிடுகிறோம். பெண் பார்க்கும் இடத்தில் தைராய்டு மறைக்கப்படுகிறது. நிக்காஹ் முடிந்து மாமியார் வீடு சென்ற பெண், மாத்திரை பாட்டிலைத் துணிகளுக்கிடையே ஒளித்து வைக்கிறாள். காலையில் தனியே விழுங்க வாய்ப்பின்றி நாள்கணக்கில் விட்டுவிடுகிறாள். அந்த மாதங்களில்தான் அவள் கருவுறுகிறாள். கருவின் மூளை உருவாகும் முதல் மூன்று மாதங்களில் குழந்தை தாயின் தைராய்டு சுரப்பையே நம்பியிருக்கிறது. அப்போது மாத்திரையின் தேவை கால் பங்குக்கு மேல் கூடுகிறது, நடப்பதோ நிறுத்தம். கருச்சிதைவுக்கும் குழந்தையின் அறிவு வளர்ச்சிக் குறைவுக்கும் இது இடமளிக்கும். பிறகு பழி எவர் மீது விழும் என்பதைத் தாய்மார்கள் நன்கறிவீர்கள்.

தினம் ஒரு மாத்திரையால் சரியாகும் குறைபாடு, திருமணத்திற்குத் தடையன்று, தொற்றும் தன்மையுடையதுமன்று. மாப்பிள்ளை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்வதே முறை. கேட்டபின் சம்பந்தத்தைக் கைவிடுவோரிடம் நம் ஜமாஅத் பெரியவர்கள் பேச வேண்டும் என்று இம்மேடையிலிருந்தே கேட்டுக் கொள்கிறோம். மாமியார்களுக்கு ஒரு வேண்டுகோள்: மருமகளின் மாத்திரை பாட்டில் வெயிலும் ஈரமும் படாத இடத்தில், எல்லோரும் பார்க்கும்படி இருக்கட்டும். கருவுற்றது தெரிந்த அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையும் ஸ்டான்லியும் நமக்கு அருகிலேயே உள்ளன. அந்நிலையில் நோன்பு நோற்பதா என்பதையும் அவரிடமே கேளுங்கள். நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் மார்க்கம் அளித்துள்ள சலுகையை நம் ஆலிம்கள் விளக்குவர்.

கேள்விச் சீட்டுகளில் ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது. ஸஹருக்கு எழத் தவறினால் நோன்பை முறித்து மாத்திரை போட வேண்டுமா என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வேண்டியதில்லை. இம்மருந்து உடலில் பாதியாகக் குறைவதற்கே ஏறக்குறைய ஏழு நாட்கள் ஆகும். அன்றிரவு உண்டு மூன்று மணி நேரம் கழித்து அதை எடுத்துக் கொண்டு, மறுநாள் ஸஹரிலிருந்து வழக்கம் போல் தொடரலாம்.