பதவி போன அப்புறம் என்ன வேலை?

குவிஸ்ல அமெரிக்க ஜனாதிபதிகள்னு வந்தாலே வழக்கமா ரெண்டு கேள்வி இருக்கும். ரொம்பக் கம்மி நாள் இருந்தவர் யாரு? வில்லியம் ஹென்றி ஹாரிசன், ஒரே மாசம், 1841. நடுவுல ஒரு தேர்தல் விட்டுத் திரும்பி வந்தவர்? ரொம்ப நாளா குரோவர் கிளீவ்லாண்ட் மட்டும்தான், இப்போ டிரம்ப்பும் சேர்ந்தாச்சு.

எனக்குப் பிடிச்ச கேள்வி வேற. உச்சத்துல இருந்தவங்க, இறங்கின பிறகு சின்ன நாற்காலில உட்கார்ந்தாங்களா?

அமெரிக்காவுல இதுக்கு ஜான் குவின்சி ஆடம்ஸ்தான் பெரிய பதில். 1829ல ஜனாதிபதி பதவி முடிஞ்சது. 1831ல சாதாரண எம்.பி. மாதிரி பிரதிநிதிகள் சபைக்குப் போனார். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டு கேட்கணும். 17 வருஷம் விடாம ஜெயிச்சார். அடிமை முறைக்கு எதிரான மனுக்களைச் சபையில எடுக்கவே கூடாதுன்னு ஒரு விதி இருந்தது. அதோட மல்லுக்கட்டி, 1844ல நீக்க வெச்சார். 1848ல அதே சபையிலதான் மயங்கி விழுந்தார். ஜனாதிபதியா செஞ்சதைவிட இது பெருசுன்னு நான் சொல்லுவேன்.

சரி, இப்போ நம்ம திருச்செங்கோடு. ரிக் வண்டி, அர்த்தநாரீஸ்வரர் மலை எல்லாம் தெரியும். இந்த ஊரைச் சுத்தி இருந்த ரெண்டு பேர் மதராஸ் மாகாணத்தையே ஆண்டிருக்காங்க, அது தெரியுமா?

முதல் ஆள் டாக்டர் பி. சுப்பராயன், குமாரமங்கலம் ஜமீன்தார், ஆக்ஸ்ஃபோர்டுல படிச்சவர். 1926ல இருந்து 1930 வரைக்கும் மாகாணத்தோட முதல் மந்திரி. அதுவும் எந்தக் கட்சியும் இல்லாத சுயேச்சை! ஆனா அது இரட்டையாட்சிக் காலம்ங்க. கல்வி, உள்ளாட்சி மாதிரி துறைகள்தான் மந்திரிங்க கையில. போலீஸ், நிதி எல்லாம் கவர்னர் பக்கம்.

ரெண்டாவது ஆள் ராஜாஜி. பக்கத்துல புதுப்பாளையத்துல 1925ல காந்தி ஆசிரமம் ஆரம்பிச்சு, கதர், மதுவிலக்குன்னு வேலை பார்த்தவர். திறந்து வெச்சது யாருன்னா பெரியார்! அப்போ ரெண்டு பேரும் காங்கிரஸ். 1937ல ராஜாஜி மாகாணப் பிரதமர் ஆனதும், மதுவிலக்கை முதல்ல கொண்டு வந்தது சேலம் மாவட்டத்துலதான். திருச்செங்கோடு அப்போ சேலத்துல சேர்ந்தது.

இப்போ கவனிங்க. அந்த 1937 மந்திரிசபையில சட்டம், கல்வி மந்திரி யாரு? ஏற்கெனவே முதல் மந்திரியா இருந்த சுப்பராயன். அதோட நிக்கல. இந்தோனேஷியாவுக்குத் தூதர், 1957ல திருச்செங்கோடு எம்.பி., அப்புறம் மத்திய மந்திரி. (2009 தேர்தல்ல இருந்து அந்தத் தொகுதியே கிடையாது.)

ராஜாஜி இன்னும் மேல போய் இறங்கினவர். 1948ல கவர்னர் ஜெனரல், நாட்டுக்கே தலைமை. 1950ல நேரு மந்திரிசபையில இலாகா இல்லாத மந்திரி. படேல் இறந்த பிறகு உள்துறை. 1952ல மறுபடி சென்னை முதலமைச்சர், 12 வருஷம் கழிச்சு. நம்ம கிளீவ்லாண்ட்!

இங்கதான் எனக்கு இடிக்குது. ஆடம்ஸ் ஓட்டு கேட்டு வந்தார். ராஜாஜி கேட்கல. 1952ல 375 இடத்துல காங்கிரஸுக்கு 152தான். அவரை மேலவைக்கு நியமிச்சு, அந்த வழியா முதல்வர் ஆக்கினாங்க. 1953ல அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில்னு திட்டம் கொண்டு வந்தார். ‘குலக்கல்வி’ன்னு ஊரே எதிர்த்தது. ஓட்டு கேட்டு நம்ம தெருவுக்கு வந்திருந்தா, நெசவுக்காரர் வீட்டுப் பையன் அரை நாள்தான் படிக்கணும்னு வாசல்ல நின்னு சொல்லியிருக்க முடியுமா? 1954 ஏப்ரல்ல காமராஜர் முதல்வர் ஆனார், அடுத்த மாசமே திட்டமும் போச்சு.

ஆனா மனுஷன் வீட்டுல உட்காரல. 1959ல, 80 வயசுல, சுதந்திரா கட்சி தொடங்கினார். 1962 செப்டம்பர் கடைசியில, கையில எந்தப் பதவியும் இல்லாம, வெள்ளை மாளிகையில கென்னடி முன்னாடி உட்கார்ந்து அணுகுண்டு சோதனையை நிறுத்தச் சொன்னார். இவருக்கு 83, அவருக்கு 45. அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல, பூமிக்கடியில நடத்துறதைத் தவிர மத்த சோதனைகளுக்குத் தடை ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. இவர் சொன்னதாலதான்னு நான் சொல்ல மாட்டேன்.

அந்தச் சந்திப்பு நடந்து பத்து நாள்கூட ஆகல, அக்டோபர் 6ம் தேதி சுப்பராயன் இறந்தார். அப்போ அவர் மகாராஷ்டிரா கவர்னர்.

அவரோட ஒரு பையன் இந்திய ராணுவத் தளபதி, பொண்ணு கம்யூனிஸ்ட் எம்.பி. அது அடுத்த எபிசோடு. வரட்டுமாங்க?