மஞ்சள் கறை



சென்னை நந்தனம் என்றதும் பலருக்கு ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சிதான் நினைவுக்கு வரும். குழந்தைக்கு அறிவியல் சொல்லித்தர எந்தப் புத்தகம் நல்லது என்று அங்கே கடை கடையாக விசாரிக்கும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தக் கருத்தரங்கில் நாம் பேச வந்திருப்பது வீட்டிலேயே கிடக்கும் வாளியையும் முறத்தையும் சோப்பையும் பற்றி.

என் பேத்திக்கு ஆறு வயது. பள்ளிச் சட்டையில் சாம்பார் கொட்டிவிட்டது. "நீயே துவை" என்றேன். சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை சிவந்தது. "தாத்தா, ரத்தம்!" என்று கத்தினாள். தண்ணீரில் அலசினாள், மறுபடி மஞ்சள். மஞ்சளில் உள்ள குர்க்குமின், சோப்பில் உள்ள காரம் என்ற சொற்கள் என் நாக்கு நுனி வரை வந்தன, விழுங்கிவிட்டேன். "வேறு எதைப் போட்டால் சிவக்கும்?" என்று மட்டும் கேட்டேன். வெற்றிலைச் சுண்ணாம்பில் சிவந்தது. எலுமிச்சைச் சாற்றில் மஞ்சளானது. பிறகு மொட்டைமாடிக் கொடியில், கறையின் பாதியைத் துணி போட்டு மூடிக் காயவைத்தாள். மாலையில் வெயில் பட்ட பாதி வெளிறியிருந்தது. மூடிய பாதி அப்படியே இருந்தது. மூடிவைக்க அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

துவைத்தது வேலை. பாதியை மூடிவைத்தது அறிவியல். ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கக் குழந்தைக்கு நாம் இடம் கொடுக்கிறோமா என்பதே என் கேள்வி.

அந்த இடத்தைத் தானே எடுத்துக்கொண்டார், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்றொரு பெண். அந்நாளில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. வீட்டு வேலைக்கு நடுவே, எண்ணெய்ப் பிசுக்குப் பட்ட நீரின் மேற்பரப்பு எப்படி மாறுகிறது என்று கவனித்தார். தகரத் தொட்டியில் நீர் நிரப்பி, தராசில் ஒரு பொத்தானைத் தொங்கவிட்டு, நீர்ப்பரப்பிலிருந்து அதை இழுத்தெடுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று அளந்தார். இயற்பியலாளர் ராலே பிரபுவுக்கு அவர் எழுதிய கடிதம் 1891இல் 'நேச்சர்' இதழில் அச்சேறியது.

நம் மண்ணிலும் இதற்கு வேர் உண்டு. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1987 முதல் 'துளிர்' இதழைச் சிறுவர் கையில் கொடுத்துவருகிறது. 2022இல் வந்த தமிழக அரசின் வானவில் மன்றம் திட்டம், சோதனைகளை அரசுப் பள்ளி வகுப்பறைக்கே கொண்டுபோனது. இனி அந்தச் சோதனைகள் அடுப்படிக்கும் கொல்லைக்கும் வரவேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அறிவியல் என்ற பெயரில் பெண் குழந்தை தலையில் மட்டும் பாத்திரம் ஏறக்கூடாது. பையன் அரிசி களையட்டும். தங்கை குழாய்க்கு வாஷர் மாற்றட்டும். மாவு பொங்கி வழிந்தால் திட்டுவதை விட்டு, எத்தனை மணி நேரத்தில் பொங்கியது என்று கேட்போம்.

கட்டுரை வாசிக்கப்போகிறவர்களிடம் ஒரே விண்ணப்பம்: குழந்தை என்ன கற்றது என்பதோடு, என்ன கேட்டது என்பதையும் சொல்லுங்கள். அந்த எதிர்பார்ப்போடு கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.