நீலச் சுடரும் மஞ்சள் சுடரும்
(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் படித்தது பி.காம்., பார்த்தது வங்கி வேலை. இவருக்கு எதற்கு வேதியியல் என்று நினைப்பீர்கள். பேரனின் பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் ஆல்கேன்கள் பாடத்தைப் படித்தபோது, அது நம் குளியலறைக்கும் பொருந்தும் என்று தோன்றியது.

சிலிண்டரில் இருக்கும் புரொப்பேன், பியூட்டேன் இரண்டும் ஆல்கேன்கள்தான். சாது வகை. சாதாரணமாக அமிலத்தோடும் காரத்தோடும் சேராது. குளோரினோடு சேரவும் வெளிச்சமோ சூடோ வேண்டும். தீப்பொறி பட்டால் மட்டும் ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்துவிடும்.

அதற்கும் ஒரு கணக்கு உண்டு. 1 பங்கு புரொப்பேன் முழுதாக எரிய 5 பங்கு ஆக்சிஜன் தேவை. கிடைப்பது 3 பங்கு கார்பன் டை ஆக்சைடு, 4 பங்கு நீராவி. அணுக்களை எண்ணிப் பாருங்கள், பேரேடு மாதிரி இரு பக்கமும் சரியாக இருக்கும். காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம்தான். ஆக, 1 லிட்டர் வாயுவுக்குச் சுமார் 24 லிட்டர் காற்று வேண்டும்.

கணக்கில் பணம் குறைந்தால் செக் திரும்பிவிடும். சுடர் அப்படித் திரும்பாது. ஆக்சிஜன் குறைந்தால் அரைகுறையாக எரிந்து, கரியையும் கார்பன் மோனாக்சைடையும் தரும். மஞ்சள் சுடரும் பாத்திரத்தின் அடிக்கரியும் அதற்கு அடையாளம்.

கேஸ் கசிந்தால் தெரியட்டும் என்று அதில் வாடை சேர்க்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், பிறகு மயக்கம். உள்ளே இருப்பவரால் தாழ்ப்பாளைக்கூடத் திறக்க முடியாமல் போகலாம்.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். கேஸ் கீசர் குளியலறைக்குள் இருந்தால், வெளியே காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். மாற்றும் வரை, வாளியில் நீர் பிடித்து, கீசரை அணைத்து, அறையைக் காற்றாட விட்ட பிறகே குளியுங்கள். சுடர் நீலமாகத் தொடங்கினாலும், மூடிய அறையில் ஆக்சிஜன் குறைந்துகொண்டேதான் போகும். கொசுவுக்கும் புறாவுக்கும் பயந்து வெண்டிலேட்டரை அட்டையால் அடைத்திருந்தால், எடுத்துவிட்டு வலை போடுங்கள். அடுப்பில் மஞ்சள் சுடர் தெரிந்தால் பர்னரைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். யாராவது மயங்கினால் கதவு, ஜன்னல்களைத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108-ஐ அழையுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் வெண்டிலேட்டரை ஒரு முறை அண்ணாந்து பாருங்கள்.