ரோமாபுரியில் திருடனை யார் பிடிப்பது?



இத்தாலியில் பொம்பெயி என்றொரு ஊர். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை அந்த ஊரைச் சாம்பலால் மூடியது. மூடியதால்தான் அங்கே சுவர்களில் மக்கள் எழுதி வைத்ததெல்லாம் அழியாமல் நமக்குக் கிடைத்திருக்கிறது. அவற்றில் ஒன்று, ஒரு கடைக்காரர் எழுதி வைத்த அறிவிப்பு. கடையிலிருந்து ஒரு வெண்கலக் குடம் காணாமல் போய்விட்டது. திருப்பிக் கொண்டுவந்து தருபவருக்கு 65 செஸ்டர்ஸ் காசு தருவதாகச் சொல்கிறார். திருடனைக் காட்டிக்கொடுத்தால் அதற்குத் தனியாகப் பணம்.

புகார் கொடுக்க இடமில்லாததால்தான் அவர் சுவரிடம் போனார். காவல் நிலையம் என்ற ஒன்று அந்த ஊரில் கிடையாது. ரோமானியர் என்றதும் நம் கண்முன் வருவது சினிமா காட்டிய படம்தான்: தலைக்கவசமும் ஈட்டியுமாகத் தெருமுனைக்கு ஒரு சிப்பாய். உண்மையில் சிப்பாய்களில் பெரும்பாலோர் ரைன், டான்யூப், யூப்ரடீஸ் நதிக்கரைகளில், எல்லையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். ஊருக்குள் நடக்கும் திருட்டு, அடிதடி எல்லாம் சம்பந்தப்பட்டவர்கள் பாடு.

சட்டமும் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. கி.மு. 450 வாக்கில் தொகுக்கப்பட்ட பன்னிரண்டு பலகைச் சட்டம், இரவில் வீடு புகுந்த திருடனைக் கொன்றால் குற்றமில்லை என்றது. பகலில் வந்தவனென்றால், அவன் ஆயுதத்தால் எதிர்த்தால் மட்டுமே கொல்லலாம். அப்போதும் முதலில் கூவி அக்கம்பக்கத்தாரை அழைத்திருக்க வேண்டும். நான்கு பேர் காதில் விழும்படி கத்துவது ரோமானிய வாழ்க்கையில் அவ்வளவு முக்கியம். ஆபத்தில் கத்தியவனுக்கு ஓடி வந்து உதவ வேண்டியது அண்டை அயலாரின் கடமை.

திருட்டு, அரசாங்கம் எடுத்து நடத்தும் வழக்கும் அல்ல. பறிகொடுத்தவர்தான் வழக்குத் தொடுக்க வேண்டும். கையும் களவுமாகப் பிடிபட்டவன் பொருளின் மதிப்பைப் போல நான்கு மடங்கு கொடுக்க வேண்டும், மற்றவன் இரண்டு மடங்கு. சரி, அவனை நீதிமன்றத்துக்கு அழைத்து வருவது யார்? அதுவும் பறிகொடுத்தவர்தான். வர மறுத்தால், பக்கத்தில் நிற்பவரைச் சாட்சிக்கு அழைத்து, அதற்கு அடையாளமாக அவருடைய காதைத் தொட்டுவிட்டு, எதிராளியை இழுத்துக்கொண்டு போகலாம். உடம்பில் வலுவும் கூட நாலு ஆளும் உள்ளவனுக்கு இது நல்ல சட்டம். கிழவிக்கும் ஏழைக்கும் இதனால் என்ன பயன்? அவர்கள் பெரிய மனிதர் ஒருவரின் வாசலில் போய் நிற்க வேண்டியிருந்தது.

பெரிய மனிதர்களின் ஆட்கள் தெருவில் மோதிக்கொண்டபோது என்ன ஆயிற்று என்பதையும் பார்ப்போம். ரோமாபுரியின் புனித எல்லைக்குள் ஆயுதம் தாங்கிய படை வரக்கூடாது என்பது பழைய மரபு. தளபதிகள் ஆட்சியைப் பிடித்துவிடக் கூடாது என்ற பயத்தில் உண்டான நல்ல மரபுதான். ஆனால் கி.மு. 50-களில் குளோடியஸ், மிலோ என்ற இரண்டு அரசியல்வாதிகள் ஆளுக்கொரு அடியாள் கூட்டத்தைக் கட்டி நகரத்தைப் பங்கு போட்டுக்கொண்டபோது, தடுக்க ஆளில்லை. கி.மு. 52 ஜனவரியில் அப்பியா நெடுஞ்சாலையில் இருவரும் எதிர்ப்பட்டார்கள். காயம்பட்டு ஒரு விடுதியில் ஒதுங்கியிருந்த குளோடியஸை மிலோவின் ஆட்கள் வெளியே இழுத்துக் கொன்றார்கள். குளோடியஸின் ஆதரவாளர்கள் பிணத்தை நகரத்துக்குக் கொண்டுவந்து, செனட் சபை மண்டபத்துக்குள்ளேயே பெஞ்சுகளை உடைத்துப் போட்டுக் கொளுத்தினார்கள். மண்டபமும் சேர்ந்து எரிந்தது. பிறகு பாம்பியஸ் என்ற தளபதியைத் தனி ஆட்சியாளராக்கி, மரபை மீறிச் சிப்பாய்களை உள்ளே கொண்டுவந்தார்கள். மிலோவுக்காக வாதாட வந்த சிசரோ, ஆயுதங்கள் சூழ்ந்த அந்த மன்றத்தில் வழக்கமான சரளம் இல்லாமல் தடுமாறினார் என்று சொல்வார்கள். மிலோ தண்டனை பெற்று மார்செய் நகருக்கு நாடு கடந்து போனார்.

இதெல்லாம் நடந்தபோது அகஸ்டஸ் சிறுவராக இருந்தார். முதல் பேரரசராக ஆனபின் அவர் நகரத்துக்குள் மூன்று படைகளை வைத்தார். அரசரைக் காக்கும் பிரிட்டோரியன் படை. நகரத் தலைவர் என்ற மூத்த செனட்டரின் கீழ் ஒரு நகரப் படை. மூன்றாவது, விஜிலெஸ் என்ற இராக்காவல் படை. எனக்கு மிகவும் சுவாரசியமாகப் படுவது இந்த மூன்றாவதுதான்.

ரோமாபுரியில் அப்போது ஏறத்தாழ பத்து லட்சம் பேர். பெரும்பாலோர் நாலைந்து மாடி வாடகைக் குடியிருப்புகளில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். மேல்மாடிகளெல்லாம் மரம். அடுப்பு, விளக்கு இரண்டும் திறந்த நெருப்பு. தீ விபத்து அன்றாடச் சங்கதி. எக்னேஷியஸ் ரூஃபஸ் என்ற நகர அதிகாரி தன் சொந்த அடிமைகளையும் கூலியாட்களையும் கொண்டு தீயணைக்க ஆரம்பித்தார். மக்களுக்கு அவர்மீது ஒரே பிரியம். பதவிகள் தேடி வந்தன. கடைசியில் கான்சல் என்ற உச்சப் பதவிக்கே ஆசைப்பட்டார். சதி செய்தார் என்ற குற்றச்சாட்டில் அவருடைய தலை போனது. தீயை அணைப்பவன் செல்வாக்கு பெறுகிறான். அந்தச் செல்வாக்கு இன்னொருவரிடம் இருக்கக் கூடாது. அகஸ்டஸ் கற்றுக்கொண்ட பாடம் அதுதான் என்பது என் கணிப்பு.

கி.பி. 6-இல் அகஸ்டஸே தீயணைப்புப் படையை அமைத்தார். நகரத்தின் 14 வட்டாரங்களுக்கு 7 பிரிவுகள், பிரிவுக்கு இரண்டு வட்டாரம். ஆட்கள் யார் தெரியுமா? விடுதலை பெற்ற அடிமைகள். சம்பளத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? அடிமை விற்பனையின்மீது விதித்த வரியிலிருந்து. தற்காலிக ஏற்பாடாக நினைத்துத் தொடங்கியது, பயன் தெரிந்ததும் நிலைத்துவிட்டது.

இவர்கள் இரவு முழுவதும் கோடரியும் கொக்கியுமாகச் சுற்றினார்கள். தார் பூசிய வாளிகள், தண்ணீர் பீய்ச்சும் பம்புகள், தீயின்மேல் போட்டு மூடக் கந்தைத் துணிகள் இருந்தன. மாடிக் குடித்தனக்காரர்கள் வீட்டில் தண்ணீர் வைத்திருக்கிறார்களா என்று கேட்பதும் அவர்கள் வேலை. அடுப்பைக் கவனிக்காமல் விட்டவருக்குப் பிரம்படி கொடுக்கும் அதிகாரம் படைத்தலைவருக்கு உண்டு. இரவெல்லாம் தெருவில் நடப்பவன் கண்ணில் தீ மட்டுமா படும்? பூட்டை உடைப்பவனும் ஓடிப்போகும் அடிமையும் படுவார்கள். ஆகவே தீ வைப்போர், கன்னமிடுவோர், திருட்டுப் பொருள் வாங்குவோர் எல்லாரையும் விசாரிக்கும் வேலை அந்தத் தலைவரிடமே வந்து சேர்ந்தது. ரோமாபுரி போலீஸ் என்று எதையாவது சொல்லலாம் என்றால், தீயணைக்கப் போய் வழியில் போலீஸ் வேலையும் பார்த்த இந்தப் படையைத்தான் சொல்ல வேண்டும்.

டைபர் நதிக்கு அக்கரையில், டிராஸ்டெவெரே பகுதியில், 1866-இல் இவர்களுடைய காவல் நிலையம் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். ஏழாவது பிரிவினர் தங்கிய இடம். சுவர் நிறையக் கிறுக்கல்கள். ஒருவர், தாம் களைத்துப் போனதாகவும் மாற்று ஆள் அனுப்பும்படியும் எழுதியிருக்கிறார். இரவுப் பணி பார்க்கும் எந்த ஊர்க்காரரும் ஒப்புக்கொள்ளும் கோரிக்கை.

பொதுக் குளியலறைகளில் உடைகளுக்குக் காவல் இருப்பவன் தானே திருடினாலும், ரோமில் அவனை விசாரிப்பவர் இந்தப் படைத்தலைவர்தான். ஆனால் ரோமை விட்டு வெளியே போனால்? இன்றைய இங்கிலாந்தின் பாத் நகரில், வெந்நீர் ஊற்றுக்குள்ளிருந்து நூற்றுக்கு மேற்பட்ட மெல்லிய ஈயத் தகடுகள் கிடைத்தன. மேலங்கி, கையுறை, காசு என்று பறிகொடுத்தவர்கள் சூலிஸ் மினெர்வா என்ற தேவதைக்கு எழுதிய முறையீடுகள். ஒருவர் இரண்டு கையுறைகளுக்காக, எடுத்தவனுக்குப் புத்தியும் கண்ணும் போகட்டும் என்று சாபமிடுகிறார். சிலர் சந்தேகப்படுகிறவர்களின் பெயர்களையும் வரிசையாகக் கொடுத்திருக்கிறார்கள். ஆணோ பெண்ணோ, அடிமையோ அடிமையல்லாதவரோ என்று எவரும் தப்பாதபடி வாசகம் அமைகிறது. படித்தால் தேவதைக்குத் தந்த புகார் மனு மாதிரியே இருக்கிறது.

தலைநகரத்திலும் இரவு பயமில்லாததாக ஆகிவிடவில்லை. கி.பி. 56 வாக்கில் பேரரசர் நீரோவே அடிமை வேடம் போட்டு, கூட்டாளிகளுடன் கடைகளைக் கொள்ளையடித்து, வழிப்போக்கர்களை அடித்துக்கொண்டு திரிந்தார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். இருட்டில் ஆள் தெரியாமல் திருப்பி அடித்த ஜூலியஸ் மொன்டானஸ் என்பவர், பிறகு தெரிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்டதே அவருக்கு எமனாயிற்று. தற்கொலை செய்துகொள்ள வேண்டியதாயிற்று. அதன்பின் நீரோ வெளியே கிளம்பும்போது சற்றுத் தள்ளிச் சிப்பாய்கள் பின்தொடர்ந்தார்கள். அடிபட்டவர் பதிலுக்குக் கையை ஓங்கினால் அவர்கள் குறுக்கே பாய்வார்கள்.

மீண்டும் பொம்பெயி. கி.பி. 59-இல் அங்கே கிளேடியேட்டர் சண்டைப் போட்டி. பக்கத்து ஊரான நுகேரியாவிலிருந்தும் கூட்டம் வந்திருந்தது. கேலியில் தொடங்கி, கல்லுக்கு வந்து, கத்தியில் முடிந்தது. நுகேரியர்கள் பலர் செத்தார்கள். அடக்க உள்ளூரில் படை இல்லை. செய்தி ரோமுக்குப் போய், செனட் விசாரித்து, அத்தகைய கூட்டங்களுக்குப் பத்தாண்டுத் தடை விதித்தது. அனுமதியில்லாத சங்கங்களைக் கலைத்தது. போட்டி நடத்தியவரை நாடு கடத்தியது. கலவரத்தைத் தடுக்க முடியாத அரசு, கலவரம் முடிந்த பிறகு சங்கங்களைக் கலைப்பதில் சுறுசுறுப்பாக இருந்ததைக் கவனியுங்கள். அந்த மோதலைக் காட்டும் சுவரோவியம் ஒன்று இன்று நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அரை நூற்றாண்டு கழித்தும் அதே மனநிலைதான். இன்றைய துருக்கியிலுள்ள நிகோமீடியாவில் பெருந்தீ. பம்பும் இல்லை, வாளியும் இல்லை. ஜனங்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மாகாண ஆளுநர் பிளினி, 150 கைவினைஞர்களை வைத்து ஒரு தீயணைப்புச் சங்கம் அமைக்கலாமா, தவறாக நடக்காமல் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பேரரசர் டிராஜனுக்கு எழுதினார். கூடாது என்று பதில் வந்தது. என்ன பெயர் வைத்தாலும் சேர்ந்தவர்கள் சீக்கிரமே அரசியல் கூட்டமாகிவிடுவார்களாம். கருவிகளை வாங்கி வை, வீட்டுக்காரர்களே அணைத்துக்கொள்ளட்டும் என்றார் டிராஜன்.

கடைசியாக ஒரு வழக்கு. கி.பி. 61. நகரப் படையின் தலைவர் பெடானியஸ் செகுண்டஸ், அதாவது ரோமாபுரியின் அமைதிக்கே பொறுப்பானவர், தன் வீட்டிலேயே தன் அடிமை ஒருவனால் கொல்லப்பட்டார். எசமானைக் கொன்றால் அதே கூரையின் கீழிருந்த அடிமைகள் அனைவருக்கும் மரண தண்டனை என்பது பழைய வழக்கம். அந்த வீட்டில் 400 பேர். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். ஊர் கொதித்தது. செனட்டிலேயே சிலர் தயங்கினார்கள். காசியஸ் லாங்கினஸ் என்ற சட்ட அறிஞர் எழுந்து, பயத்தால் மட்டுமே இந்தக் கும்பலை அடக்க முடியும் என்று வாதாடினார். அவர் பக்கம் வென்றது. மக்கள் கல்லும் தீப்பந்தமும் ஏந்தி வழிமறித்தார்கள். நீரோ அவர்களைக் கண்டித்து அறிக்கை விட்டு, கொலைக்களத்துக்குப் போகும் பாதை நெடுகச் சிப்பாய்களை நிறுத்தினார். நானூறு பேரும் அந்த வரிசைகளுக்கு நடுவே கொண்டுபோகப்பட்டார்கள். அந்த வீட்டில் இருந்த விடுதலை பெற்ற அடிமைகளையும் இத்தாலியை விட்டுத் துரத்த வேண்டும் என்று ஒரு செனட்டர் கூடுதலாகக் கேட்டார். அதை மட்டும் நீரோ மறுத்துவிட்டார்.