எந்தப் படை என்பதற்கு முன், எந்த வாசல்?

ஸ்ரீரங்கத்தில் பிளஸ் டூ மாணவர்களும் பெற்றோரும் கலந்துகொண்ட வழிகாட்டி நிகழ்ச்சியில், தரைப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் ஆற்றிய உரை:

உள்ளே வரும்போதே ஒரு தம்பி கேட்டான்: "சார், ஆர்மியா, நேவியா, ஏர்ஃபோர்ஸா, எது பெஸ்ட்?" நான் திருப்பிக் கேட்டேன்: "நீ என்ன குரூப்? வயசு எத்தனை?" முழிச்சான். ஆனா பதில் அதுலதான் இருக்கு.

என் அக்கா மகன் கணக்கு, இயற்பியல் படிச்சவன். நல்ல மார்க். படைன்னா அக்னிவீர் மட்டும்தான்னு நினைச்சு, ரெண்டு வருஷம் கொள்ளிடக் கரையில ஓடிப் பழகினான். என்.டி.ஏ.ன்னு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சப்போ பத்தொன்பதரை வயசு தாண்டிடுச்சு. படையில இருந்த மாமன் நான், லீவுல வந்தப்போ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லலை. அதனாலதான் இன்னைக்கு இங்க நிக்கிறேன்.

பிளஸ் டூ முடிச்சவங்களுக்கு முக்கியமா ரெண்டு வாசல். முதல் வாசல், அதிகாரி ஆகிற வழி. யு.பி.எஸ்.சி. வருஷத்துக்கு ரெண்டு தடவை என்.டி.ஏ. தேர்வு நடத்துது. பதினாறரை முதல் பத்தொன்பதரை வயசு வரை. 2022 முதல் பெண்களும் சேர்றாங்க. தரைப்படைக்கு எந்த குரூப்பும் சரி. கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் வேணும். ஆனா கணக்குத் தாள் எல்லோருக்கும் உண்டு, 300 மதிப்பெண். காமர்ஸ் பிள்ளைகள் இதைக் கவனிக்கணும். எந்தப் படைக்கு முன்னுரிமைன்னு விண்ணப்பத்திலேயே வரிசைப்படுத்தச் சொல்வாங்க. அதனால அந்த முடிவை முன்னாடியே எடுத்து வையுங்க.

ரெண்டாவது வாசல் அக்னிவீர். 2022 ஜூன்ல அறிவிச்ச திட்டம். பணி நாலு வருஷம். முதல் வருஷம் மாசம் 30,000 ரூபாய், நாலாவது வருஷம் 40,000. அதுல 30 சதவீதம் சேவா நிதிக்குப் பிடிப்பாங்க. அதே அளவு அரசும் போடும். முடிவுல வட்டி இல்லாமலே சுமார் 10 லட்சம் கையில வரும். பென்ஷன் கிடையாது. அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமா எடுப்பாங்க. பெற்றோர்களே, "பையனுக்கு வேலை கிடைச்சிடுச்சு"ன்னு சொல்றதுக்கு முன்னாடி, இருபத்திரண்டு வயசுல அவன் திரும்பி வந்தா என்ன செய்வான்னு வீட்டுல உட்கார்ந்து பேசுங்க. பணியில இருக்கும்போதே படிப்பைத் தொடர முடியுமான்னு பாருங்க.

இப்போ எந்தப் படை? தரைப்படையில பத்தாவது படிச்சவங்களுக்கும் இடம் உண்டு. ஆன்லைன் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். கடற்படையில எஸ்.எஸ்.ஆர். பிரிவுக்குக் கணக்கும் இயற்பியலும் வேணும். மாதக்கணக்கா கடல்ல இருக்க மனசும் வேணும். விமானப்படைக்கு அறிவியல் படிக்காதவங்களும் விண்ணப்பிக்கலாம், ஆனா இங்கிலீஷ்ல 50 சதவீதம் அவசியம். கண் பார்வை விதி படைக்குப் படை மாறும். கண்ணாடி போட்டவங்க முதல்ல கண் டாக்டரைப் பாருங்க.

செல்போன்லயே செய்ய வேண்டியது சில இருக்கு. இருப்பிடச் சான்று, சாதிச் சான்று, திருமணமாகாதவர் சான்று மூணுக்கும் இ-சேவையில விண்ணப்பிக்கலாம். திருமணமாகாதவர் சான்று ரொம்பப் பழசா இருக்கக் கூடாது; அறிவிக்கை வந்ததும் வாங்குங்க. ஆதார், மார்க் ஷீட், பிறப்புச் சான்று மூணுலயும் பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. ரேலி அன்னைக்கு ஒரு இனிஷியல் தப்புன்னா திருத்த நேரம் இருக்காது. "இடம் வாங்கித் தர்றேன்"னு பணம் கேட்கிறவன் பக்கமே போகாதீங்க.

கடைசியா ஒண்ணு. 1999 கார்கில் போர்ல படாலிக் பகுதியில உயிர் கொடுத்து வீர் சக்ரா பெற்ற மேஜர் சரவணன் நம்ம திருச்சிக்காரர். அவர் கல்லூரிப் படிப்பு முடிச்சு, சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாடமி வழியாப் போனவர். பிளஸ் டூவோட எல்லாம் முடிஞ்சிடலை. ஆனா ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு வயசு இருக்கு. இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் உங்க பிறந்த தேதியை ஒரு தாள்ல எழுதி, எந்த வாசல் எப்போ மூடுதுன்னு பக்கத்துல எழுதுங்க. அப்புறம் எந்தப் படைன்னு என்கிட்ட வந்து கேளுங்க, தம்பிகளா, தங்கச்சிகளா.