பஞ்சப் படத்தில் இருப்பவர்கள் யார்?

  

1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற சென்னைப் படை அதிகாரி எடுத்த படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். “நம் பாட்டன்மார் மலாயாவுக்குக் கப்பல் ஏறிய காரணம் இதுதான்” என்று நண்பர்கள் மேடைதோறும் அவற்றைக் காட்டுகிறார்கள். கூடாது என்று நான் பல ஆண்டுகளாக மறுத்து வருகிறேன். இன்று காரணத்தை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

படத்தை உற்றுப் பாருங்கள். விலா எலும்பை எண்ணிவிடலாம். பெரியவர்களும் குழந்தைகளும் கேமராவுக்கு நேரே கூட்டமாக வைக்கப்பட்டிருக்கிறார்கள். அக்காலக் கண்ணாடித் தகட்டில் உருவம் பதிய அசையாமல் இருக்க வேண்டும். எழுந்து நிற்கவே வலுவில்லாதவர்களை அப்படி இருத்தி எடுத்திருக்கிறார் ஹூப்பர். ஊர் இல்லை, பேர் இல்லை. எடுத்த பிறகு அவர்களுக்குக் கஞ்சி கிடைத்ததா என்ற குறிப்பும் இல்லை. இதே ஹூப்பர் 1886இல் பர்மாவின் மாண்டலேயில், கைதிகள் சுடப்படும் நொடியைப் படம் பிடிக்கப் போய் விசாரணைக்கு ஆளானார்.

படத்துக்கு வெளியே அந்த மக்கள் என்ன செய்தார்கள்? நிவாரண வேலையில் மண் வெட்டினார்கள். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, சுமார் 8 கிலோமீட்டர், அந்தப் பஞ்சத்தில் வெட்டப்பட்டதுதான். 1877இல் இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் நாள் கூலியை ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசுமாகக் குறைத்தார். அது உயிர் தாங்கப் போதாது என்று சென்னைச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். உழைக்கும் உடம்பு கூலி போதாமல் உருகியது. ஹூப்பரின் படத்தில் உருகிய உடம்பு மட்டும் மிஞ்சுகிறது.

கப்பலுக்கு வருவோம். நம் பாட்டன்மாரை மலாயாவுக்கு இழுத்த ரப்பரின் கன்றுகள் சிங்கப்பூரில் வந்திறங்கியதே 1877இல்தான், அதுவும் இருபத்திரண்டு. அன்று கிள்ளானில் பால் வெட்ட ஒரு மரம் கிடையாது. வெல்லஸ்லி மாகாணக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் கட்டுண்ட சஞ்சிக்கூலியாக வந்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆள் கட்டியவன் வேலைக்குத் தாங்கும் உடம்பைப் பார்த்தே ஏற்றினான். படத்தில் இருப்பவர்களை அவன் ஏறிட்டும் பார்த்திருக்க மாட்டான். அவர்களைப் பாட்டன் பாட்டி என்று உரிமை கொண்டாடி, அவர்களுடைய சாவை நம் முன்னுரையாக்கிக் கொள்கிறோம்.

அமெரிக்காவில் 1936இல் டோரத்தியா லாங்கே எடுத்த ஏழைத் தாயின் படமும் இப்படித்தான். பேரைக் கேட்காமலே எடுத்தார். காரின் டயரை விற்றுச் சாப்பிட்டதாக அவர் எழுதியதைக் குடும்பத்தார் மறுத்தார்கள். அந்தத் தாய் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன், 1978இல் தாமே பேசினார். தாது வருஷத்தாருக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

அப்படியானால் எந்தப் படங்களைக் காட்டுவது? 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வு கேட்டவர்கள், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றவர்கள், அவர்களுடைய படங்களைத் தேட வேண்டும். தோட்டத்து லயத்து வீடுகளில் மாட்டியிருந்த ஸ்டூடியோ படங்களைப் பேரோடு பதிய வேண்டும், பெரியவர்கள் இருக்கும்போதே. ஜப்பானியர் காலத்துச் சயாம் ரயில் பாதைப் படங்களுக்கும் ஊர், தேதி, எடுத்தவர் யார் என்ற சோதனை தேவை. அது தனி நூலுக்குரிய வேலை, இளைஞர் யாராவது எடுத்துச் செய்யுங்கள்.