தையல் போடுவதற்கு முன்

செவிலியர் படிப்பும் அறுவை அரங்கத் தொழில்நுட்பப் படிப்பும் முடித்து இன்று பட்டம் பெறும் உங்களில் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பதால் தமிழிலேயே பேசச் சொன்னார்கள். டெல்லி கரோல் பாகில் இப்படி ஒரு மேடை கிடைத்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

ஒரே ஒரு விஷயத்தைத்தான் பேசப் போகிறேன். வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையில் காயம் சீழ் வைக்காமல் காப்பது. அதில் பெரும்பங்கு உங்கள் கையில் இருக்கிறது.

குடல் ஓட்டையாகி நடுராத்திரி வந்து சேரும் ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிகிறது. ஐந்தாம் நாள் காய்ச்சல். தையலோரம் சிவந்து வீங்கி, அழுத்தினால் கலங்கலாக நீர் வருகிறது. இரண்டு தையலைப் பிரித்துச் சீழை வெளியேற்றி, தினமும் டிரெஸ்ஸிங் செய்ய வேண்டும். வாரக்கணக்கில் கூலி போய்விடும். புண் ஆறினாலும் அந்த இடத்தில் வயிற்றுச் சுவர் பலவீனப்பட்டு, பின்னால் குடலிறக்கம் வரலாம். மூட்டை தூக்கிப் பிழைப்பவருக்கு அது வாழ்க்கையையே மாற்றிவிடும்.

கிருமி எங்கிருந்து வந்தது? பல நேரம் அவருடைய குடலிலிருந்தேதான். திறந்த குடலைத் தொட்ட கையுறை, அதைப் பிடித்த கருவி, இரண்டும் அப்படியே தோலைத் தைக்க வந்துவிடுகின்றன. இதை மாற்றினால் என்ன ஆகும் என்று ஓர் ஆய்வு பார்த்தது. பெயர் சீட்டா. இந்தியா உட்பட 7 நாடுகள், 81 மருத்துவமனைகள், 13,301 நோயாளிகள். வயிற்றை மூடுவதற்கு முன் எல்லோரும் கையுறை மாற்ற வேண்டும், தைப்பதற்குப் புதிய கருவிகள் எடுக்க வேண்டும். அவ்வளவுதான். 2022-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: வழக்கமான முறையில் காயத்தொற்று 18.9 சதவீதம், மாற்றியவர்களில் 16 சதவீதம். நூறு பேருக்கு ஏறத்தாழ மூன்று பேர் தப்பிக்கிறார்கள். எனக்கு இதைவிட உறுத்திய எண் வேறு. வழக்கப்படி நடந்த மருத்துவமனைகளில் கையுறையும் கருவியும் மாற்றியது நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இல்லை. இவ்வளவு எளிதான காரியத்தைக் கிட்டத்தட்ட யாருமே செய்துகொண்டிருக்கவில்லை.

அதே 7 நாடுகளில், அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த ஃபால்கன் ஆய்வு 5,788 நோயாளிகளைப் பார்த்தது. கிருமிநாசினி பூசிய விலை கூடிய தையல் நூலுக்கும் சாதாரண நூலுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. காசு குறைந்த மருத்துவமனையில் வேலை கிடைத்தால் மனம் தளராதீர்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மற்றவை நீங்கள் படித்தவைதான், விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஆன்டிபயாடிக் ஊசி கத்தி படுவதற்கு முன்பே ரத்தத்தில் கலந்திருக்க வேண்டும். கத்தி பட்டபின் நினைவு வந்து போட்டால் பலன் குறையும். முந்தைய நாள் இரவே ரேசரால் வயிற்றைச் சிரைப்பதை விடுங்கள். தோலில் விழும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும். முடி எடுத்தே தீர வேண்டுமென்றால் கிளிப்பர். நோயாளியைக் குளிரில் போட்டுவிடாதீர்கள். டெல்லி ஜனவரியில் வராந்தாவில் ஒற்றைப் போர்வையோடு ஸ்ட்ரெச்சரில் காத்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். 1996-இல் வெளியான ஆய்வொன்றில் குடல் அறுவை செய்துகொண்ட 200 பேரில், உடல் சூடு குறையாமல் காக்கப்பட்டவர்களுக்குத் தொற்று 6 சதவீதம். குளிர விடப்பட்டவர்களுக்கு 19. நோயாளியைச் சூடாக வைப்பது செய்யும் வேலை அது.

இங்கே பக்கத்தில் ஹக்கீம் அஜ்மல் கான் உருவாக்கிய திப்பியா கல்லூரி இருக்கிறது. 1921-இல் காந்தியடிகள் திறந்துவைத்தது. அங்குள்ள ஆயுர்வேத மாணவர்கள் போற்றும் சுசுருத சம்ஹிதையில் புண்ணுக்கு வேப்பிலை, வெண்கடுகு, உப்பு, நெய் சேர்த்துப் புகை போடச் சொல்லியிருக்கிறது. கிருமியைக் காண வழியே இல்லாத காலத்தில் அந்த அக்கறை இருந்திருக்கிறது. ஆட்டோகிளேவ் வைத்திருக்கும் நமக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை.

இனி கடினமான பகுதி. கையுறையை மாற்றச் சொல்வது யார்? மூன்று மணி நேரம் நின்று களைத்த சர்ஜன் மறப்பார். அப்போது ஸ்க்ரப் நர்ஸ்தான், "சார், மூடறதுக்கு முன்னாடி கிளவுஸ் மாத்திக்கலாம்" என்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய வாக்கியம் என்பது எனக்குத் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைச் சரிபார்ப்புப் பட்டியல் எட்டு நகரங்களில் சோதிக்கப்பட்டபோது டெல்லியில் அதற்கு இடம் தந்தது செயின்ட் ஸ்டீபன்ஸ் மருத்துவமனை. எட்டு இடங்களையும் சேர்த்து இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. எல்லோர் காதிலும் விழும்படி வாய்விட்டுக் கேட்பது அந்தப் பட்டியலில் ஓர் உரிமை. இங்கே அமர்ந்திருக்கும் சர்ஜன்களிடமும் ஒரு வேண்டுகோள்: அந்தப் பெண் கேட்கும்போது முகம் சுளிக்காதீர்கள், நன்றி சொல்லுங்கள்.

வார்டிலிருந்து அனுப்பியதோடும் முடிவதில்லை. காயத்தொற்றை 30 நாள் வரை கணக்கில் எடுக்கிறோம். பீகாரிலிருந்து வந்தவர் பத்தாம் நாள் ஊருக்குப் போய்விட்டால், சீழ் வைத்தது நம் பதிவேட்டுக்கு வராது. போகும்போது கையில் ஒரு போன் நம்பர் கொடுங்கள். எந்த அறிகுறி கண்டால் அழைக்க வேண்டும் என்று வீட்டாருக்கு அவர்கள் மொழியில் சொல்லுங்கள்.

விரைவில் வேலையில் சேர்வீர்கள். முதல் நாளே உங்கள் தியேட்டரில் வயிற்றை மூடுவதற்கென்று தனி ட்ரே இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பெரிய செலவு வேண்டாம். ஒரு நீடில் ஹோல்டர், பல் வைத்த ஃபோர்செப்ஸ், இரண்டு ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ், ஒரு கத்தரி. தனியே பொதி கட்டி, ஸ்டெரிலைஸ் செய்து, மேலே கொட்டை எழுத்தில் 'மூடுவதற்கு மட்டும்' என்று எழுதி வையுங்கள்.